கிளினிக்கா, கனடாவா, போர்டிங் பிள்ளைகளா?

என் கணவர் தவறி எட்டாவது மாதம். அடுப்பில் உலை கொதிக்கிறது. நான் அரிசி அளக்கும் சுண்டைக் கையில் பிடித்தபடி வாளிக்கு முன்னால் நிற்கிறேன். ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியவில்லை. முப்பத்தாறு வருடம் ஒன்றரைச் சுண்டு அளந்த கை. அரைச் சுண்டு போட்டால் பானையின் அடியில் கிடந்து கருகியது, ஒரு சுண்டு போட்டால் மிஞ்சிப் புளித்தது. அன்று அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். அதற்குப் பிறகு பல கிழமைகள் மூன்று நேரமும் பாணும் பிளேன்ரீயும்தான்.

வேலிக்கு அப்பால் இருந்து, "என்ன ரீச்சர், முகம் வாடிக் கிடக்கிறது?" என்று கேட்டவர்களுக்கு, "கொஞ்சம் யோசனை" என்றேன். எங்கள் யாழ்ப்பாணத்தில் மனச்சோர்வுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அதுதான். யோசனை, பெருமூச்சு, நெஞ்சுக்குள் பாரம், தலை விறைப்பு. இவற்றைச் சொன்னால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மனநல வைத்தியரிடம் போகிறேன் என்று சொன்னால்தான் 'விசர்' என்ற சொல் படலை தாண்டி உள்ளே வந்துவிடும் என்று பயப்படுகிறோம்.

ஆலோசனை சொன்னவர்களுக்குக் குறைவில்லை. மகள் ரொறன்ரோவிலிருந்து, "அம்மா, இங்கே வந்துவிடுங்கள்" என்றாள். தங்கை செல்வச்சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைக்கச் சொன்னாள். ஒருவர் உளவளத்துணைக்கு (கவுன்சலிங்) போகச் சொன்னார், இன்னொருவர் நல்ல வைத்தியரிடம் காசு கட்டிப் போகச் சொன்னார், ஒன்றுவிட்ட அண்ணர் முதியோர் இல்லம் பற்றி மெல்லக் கதைத்துப் பார்த்தார். எல்லோரும் என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனால் எனக்கு இருந்தவை இரண்டு வெவ்வேறு கஷ்டங்கள் என்பதை ஒருவரும் பிரித்துச் சொல்லவில்லை, எனக்கும் விளங்கவில்லை. மனச்சோர்வு ஒரு நோய். தனிமை ஒரு நிலைமை. ஒன்று மற்றதை வளர்க்கும் என்பது உண்மை. ஆனாலும் ஆட்கள் நிறைந்த வீட்டிலும் மனச்சோர்வு வரும், தனியே இருந்து நல்ல சுகத்தோடு வாழ்பவர்களும் இருக்கிறார்கள். குளிசை வெறும் வீட்டை நிரப்பாது, வீடு நிறைந்த ஆட்கள் நோயை மாற்ற மாட்டார்கள். ஆகவே தெரிவுகளும் இரண்டு: வைத்தியத்துக்கு எங்கே போவது, யாரோடு எங்கே வாழ்வது. நான் இரண்டாவதை முதலில் செய்து ஒரு வருடத்தை இழந்தவள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வைத்தியம். துக்கத்தையும் நோயையும் எப்படிப் பிரித்தறிவது என்று என்னிடம் கேட்கிறார்கள். மருத்துவர்கள் பொதுவாகப் பார்ப்பது இரண்டு கிழமைக் கணக்கு: நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்து, முன்பு பிடித்தது எதிலும் பிடிப்பில்லாமல், நித்திரையும் பசியும் குழம்பி, இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இழவு வீட்டுத் துக்கம் அலை மாதிரி வரும், போகும், நடுவில் ஒரு பழைய கதைக்குச் சிரிப்பும் வரும். எனக்கு அந்தச் சிரிப்பு நின்றுபோயிருந்தது. விடிய மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும், அந்த நேரம்தான் மிக மோசம். பின்னேரம் ஆனால் கொஞ்சம் இலேசாகும். இப்படிக் காலையில் கனத்து மாலையில் தணிவது இந்த நோயில் அடிக்கடி காணப்படுவது என்று பின்னால்தான் அறிந்தேன். வயது போனவர்களில் பலர் கவலை என்று சொல்வதில்லை. கால் உளைவு, வயிற்றெரிவு, மறதி என்றுதான் சொல்வார்கள். தைரொய்ட் குறைவும் இரத்தச்சோகையும் இதே சோர்வைத் தரும் என்பதால் ஓர் இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

நான் முதலில் போனது காசு கட்டிப் பார்க்கும் இடத்துக்கு. பெயர் வேண்டாம். பின்னேரம் போகலாம், தெரிந்த முகம் எதிர்ப்படாது. அந்த ஒதுக்கம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. உள்ளே இருந்தது ஐந்து நிமிடம். "இந்த வயதில் இது வழமைதான்" என்று சொல்லி நித்திரைக் குளிசை எழுதித் தந்தார்கள். நித்திரை வந்தது, மனம் அப்படியே கிடந்தது. இங்கே ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். நித்திரைக் குளிசைகளில் பல, நாள்கணக்கில் போட்டால் பழக்கமாகிவிடும். மனச்சோர்வுக்கான மருந்து அந்த வகையல்ல. அது வேலைசெய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு கிழமைகள் எடுக்கும், அதற்குள் வயிற்றுப் பிரட்டல் போன்ற சில்லறைத் தொந்தரவுகள் வந்து போகும். "மூன்று நாள் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று நிறுத்துகிறவர்கள் இந்தக் கணக்கு தெரியாதவர்கள். சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது.

அந்த ஆறு மாதத்தை நினைத்துப் பார்த்தால் அரச கிளினிக்கின் பலம் விளங்கும். யாழ் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் இருக்கிறது, வடமராட்சியில் இருப்பவர்களுக்கு மந்திகை இருக்கிறது. பார்ப்பதும் மருந்தும் இலவசம். காசு தீர்ந்தது என்று மருந்து நிற்காது. கிளினிக் கொப்பியில் எல்லாம் பதிவாகும். தேவையென்றால் அங்கேயே வார்டில் வைத்திருந்து பார்ப்பார்கள். குறைகளும் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். விடியப் போனால் மத்தியானம்தான் திரும்பலாம். ஒருமுறை பார்த்த வைத்தியர் மறுமுறை இருக்க மாட்டார், கதையை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் பழைய மாணவனின் தாயாக இருக்கலாம். எனக்கு அப்படித்தான் நடந்தது. நான் தலையைக் குனிந்தேன். அந்தத் தாய் என் கையைப் பிடித்து, "ரீச்சர், நான் நாலு வருடமாக வருகிறேன்" என்றார். இரண்டு பேரும் வேறொன்றும் பேசவில்லை. பெயர் கூப்பிடும்வரை அவர் கையை எடுக்கவும் இல்லை.

கொக்குவிலில் இருக்கும் நான் பக்கத்தில் உள்ள பட்டணத்து வைத்தியசாலையை விட்டுத் தெல்லிப்பழைக்குப் பஸ் ஏறியதற்கும் தெரிந்தவர்களின் கண்ணில் பட்டுவிடுவோம் என்ற பயம்தான் காரணம். அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். தூரத்துக் கிளினிக்குக்குப் போகிறவர், பக்கத்துக் கிளினிக்குக்குப் போகாமல் இருப்பவரைவிட நல்ல நிலையில் இருக்கிறார். காசு கட்டித்தான் முதலில் போக மனம் வருகிறதென்றால் போங்கள். ஆனால் மனநல வைத்தியரிடமே போங்கள். பின்னேரம் தனியாரில் பார்ப்பவர் பகலில் அரச வைத்தியசாலையில் வேலைசெய்பவராகவே பெரும்பாலும் இருப்பார். "உங்கள் கிளினிக்கில் என்னைப் பதிந்துவிடுங்கள்" என்று முதல் நாளே கேட்டுவிடலாம்.

உளவளத்துணை மருந்துக்குப் போட்டி என்று பலர் நினைக்கிறார்கள். மனச்சோர்வு இலேசாக இருந்தால் முறையான பேச்சுச் சிகிச்சை மட்டுமே போதுமாக இருக்கலாம். நடுத்தரத்துக்கு மேலே போனால் இரண்டும் சேர்ந்தால்தான் நல்லது. சாப்பிடவில்லை, குளிக்கவில்லை, படுக்கையை விட்டு எழும்பவில்லை என்ற நிலையில் உள்ளவரை உளவளத்துணையாளரிடம் மட்டும் அனுப்பாதீர்கள். முதலில் வைத்தியர். பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கென்று உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், காசு இல்லை. போர்க்காலத்திலிருந்து இந்தப் பணியைச் செய்துவரும் சாந்திகம் என்ற நிறுவனம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. "படித்த டொக்டர் இல்லையே, இவர்களோடு கதைத்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்களுக்கு சிம்பாப்வேயில் நடந்ததைச் சொல்வேன். அங்கே சோனா மொழியில் மனச்சோர்வைக் குறிக்க வழங்கும் சொல்லுக்கு, அளவுக்கு மிஞ்சி யோசிப்பது என்றுதான் பொருள். எங்கள் யோசனையேதான்! டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் அந்த ஊர்ப் பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களுக்கு வெளியே மரவாங்கில் இருந்து நோயாளிகளோடு பேச வைத்தார். அப்படிப் பேசியவர்களுக்கு நல்ல பலன் கிடைத்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. பேச்சில் பட்டத்தைவிடப் பயிற்சியும் பொறுமையும்தான் வேலைசெய்கின்றன.

எனக்குக் கிடைத்த உளவளத்துணையாளர் என் மகளைவிட இளையவர். இரண்டாம் சந்திப்பில் ஒரே ஒரு வேலை தந்தார்: காலை ஆறரைக்குப் படலையைத் திறந்து, முற்றத்தைத் தெருவரை கூட்ட வேண்டும். "மனம் வந்தபின் கூட்டலாம் என்று இருக்காதீர்கள் அம்மா, கூட்டினால் கொஞ்சம் மனம் வரும்" என்றார். முதல் நாள் நாலு முழம் கூட்டிவிட்டு விளக்குமாற்றைப் போட்டுவிட்டேன். ஒரு கிழமையில் வேப்பமரம் வரைக்கும் வந்தேன். இரண்டாம் கிழமை படலையடியில் நின்றபோது, பள்ளிக்கூடம் போகும் சிறுமி ஒருத்தி சைக்கிளை நிறுத்தி, "ரீச்சர், இந்த இடம் இவ்வளவு நாளாகச் சருகாகக் கிடந்ததே" என்றாள். அவள் தெருவில் போவதை எத்தனை மாதமாக நான் காணாமல் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

கோவிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது எனக்கு நெருக்கமான விடயம் என்பதால் வளர்க்க விருப்பமில்லை. சந்நிதிக்குப் போனேன், இன்றும் வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், அன்னதானத்தில் பந்தியில் இருந்து சாப்பிடலாம், அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், எங்கள் மக்களுக்குப் பழக்கமான செபத்தையும் மந்திரம் உருப்போடுவதையும் மனத்தைத் தளர்த்தும் பயிற்சிகளாகவே சிகிச்சையோடு சேர்த்திருக்கிறார். ஆனால் நேர்த்தி வைத்துவிட்டோம் என்று மருந்தை நிறுத்துவதும், சாப்பாடே இறங்காத உடம்போடு விரதம் பிடிப்பதும் ஆபத்து. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் ஊர் நிறைந்திருக்கும். அது முடிந்த மறுநாள் எவ்வளவு வெறுமையாக இருக்கும் என்பது தனியே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த நாளுக்கு முன்கூட்டியே ஒரு துணை ஏற்பாடு செய்யுங்கள்.

"இனி இருந்து என்ன பிரயோசனம்" என்ற எண்ணம் வரும் இரவுகளில் மேலே சொன்ன ஒப்பீடு ஒன்றும் உதவாது. அந்த நேரம் 1926 என்ற இலக்கம். அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை, எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ், அதுவும் இலவசம். பொலிசுக்குப் போகும் என்று பயந்து மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டம் இலங்கையில் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. வீட்டில் யாரிடமாவது அந்த எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. என்னிடம் கேட்டது என் தங்கை. அவள் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது.

இனி வாழும் இடம். கனடா என்ற தெரிவை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன், பிள்ளையின் பாசம் அதில் இருக்கிறது. அங்குள்ள பிள்ளைகளின் பெற்றோருக்குக் கனடா கொடுக்கும் சூப்பர் விசாவில் போனால் 2022க்குப் பிறகு ஒருமுறைக்கு ஐந்து வருடம்வரை தங்கலாம். ஆனால் குறைந்தது ஒரு இலட்சம் டொலருக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு எல்லாக் காப்புறுதியும் பணம் கொடுப்பதில்லை. வைத்தியம் தொடங்காத மனச்சோர்வோடு விமானம் ஏறினால், அங்கே போய் வைத்தியம் தொடங்குவது இங்கே தொடங்குவதைவிடக் கடினம். நான் அப்படித்தான் ஏறினேன், கார்த்திகை மாதத்தில்.

மகள் இருக்கும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தமிழ்க் கடை இருக்கிறது, கோவில் இருக்கிறது, முருங்கைக்காய்கூட வாங்கலாம். ஆனால் மகளும் மருமகனும் காலை ஆறரைக்கு வேலைக்கு இறங்குவார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம். பன்னிரண்டாம் மாடியில் கண்ணாடிக்குப் பக்கத்தில் நான். மார்கழியில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னரே பொழுது பட்டுவிடும், வெளியே பனி. இங்கே தனியாக இருந்தபோது வேலிக்கு மேலால் ஒரு குரலாவது வரும். அங்கே கதவைத் தட்டவே ஆள் இல்லை. மகள் களைத்து வந்து என் முகத்தைப் பார்த்துக் குற்றவுணர்வோடு சமைப்பாள். அதைப் பார்க்க எனக்கு இன்னும் பாரமாகும். ஆறாம் மாதம் திரும்பினேன். இன்றைக்குச் சுகமான மனத்தோடு, கோடை காலத்தில், திரும்பும் திகதி குறித்த டிக்கெட்டோடு போவேன். அது வேறு பயணம்.

போகாமல் இருப்பவர்களுக்குத் தொலைபேசி அழைப்புகளில் ஒரு திருத்தம் சொல்வேன். அங்கே இரவு ஒன்பது மணி என்றால் கோடையில் இங்கே விடிய ஆறரை. வேலை முடித்துக் களைத்த பிள்ளையும், நாளிலேயே மோசமான நேரத்தில் இருக்கும் தாயும் பேசினால் அழுகையில்தான் முடியும். நாங்கள் அங்கத்தைய காலைக்கு மாற்றிக்கொண்டோம். ஞாயிறு காலை அவள் இடியப்பம் அவிக்கும்போது கமராவை அடுப்படியில் வைத்துவிடுவாள். எனக்கு அது பின்னேரம், மனம் இலேசான நேரம். சுகம் விசாரிக்கும் கேள்விகள் குறைந்தன, இடியப்ப மாவுக்கு எவ்வளவு கொதிதண்ணீர் என்ற கேள்விகள் கூடின.

முதியோர் இல்லம் பற்றி ஊரில் சொல்லப்படும் அளவுக்கு அது மோசமான தெரிவு இல்லை. கைதடியில் அரச இல்லத்தில் என்னோடு படிப்பித்த ஒருவர் இருக்கிறார். நேரத்துக்குச் சாப்பாடும் கதைக்க ஆட்களும் அவருக்குக் கிடைத்திருக்கின்றன. உடம்பு தள்ளாதவர்களுக்கும் பார்க்க ஒருவரும் இல்லாதவர்களுக்கும் அதுவே சரி. நடமாடக்கூடியவர்கள், தம் கிணற்றடியையும் மரங்களையும் விட முடியாதவர்கள் அவசரப்பட வேண்டாம். சகோதரங்களின் வீட்டுக்குப் போய் நிரந்தரமாக இருப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒரு மாதம் விருந்தாளி, பிறகு குசினியில் யாருடைய சட்டம் என்ற பிரச்சினை வரும்.

எனக்குப் பொருந்தியது, கொக்குவில், திருநெல்வேலிப் பக்கத்தில் வீடு வைத்திருக்கும் பலருக்கும் பொருந்தக்கூடியது, பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அறை கொடுப்பது. மருந்து தொடங்கி மூன்றாம் மாதத்தில்தான் இதைச் செய்தேன். அதற்கு முன் செய்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு என் முகத்தைப் பார்ப்பதே தண்டனையாக இருந்திருக்கும். ஒருத்தி முல்லைத்தீவு, மற்றவள் ஹற்றன். முதல் கிழமை தங்கள் பாட்டில் நூடில்ஸ் அவித்துக்கொண்டார்கள். ஒரு மழைநாளில் ஹற்றன் பிள்ளை குசினி வாசலில் நின்று, "அன்ரி, சோறு மணக்கிறது" என்றாள். அன்று இரண்டரைச் சுண்டு போட்டேன். கையே அளந்தது.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. வாடகை, தண்ணீர், கரண்ட், இரவு படலை பூட்டும் நேரம் எல்லாவற்றையும் முதலே பேசிவிடுங்கள். பிள்ளைகள் படிக்க வந்தவர்கள், எங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள் அல்லர். என் குளிசை நேரத்தை நினைவூட்டும்படி நான் அவர்களிடம் கேட்டதில்லை. அந்த வேலைக்கு மணிக்கூடு இருக்கிறது. அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டால் சோதனை என்று அர்த்தம், என்மேல் கோபம் என்று அர்த்தமில்லை. இதை நம்ப எனக்கு ஒரு தவணை எடுத்தது. ஆகப் பெரிய பலவீனம் விடுமுறை. முதலாவது விடுமுறையில் இரண்டு பேரும் ஒரே நாளில் பஸ் ஏறினார்கள், மூன்றாம் நாள் நான் மறுபடியும் பாணும் பிளேன்ரீயும்.

ஆகவே இம்முறை வேறு ஏற்பாடு. அடுத்த மாதம் பத்தாம் திகதி பிள்ளைகள் போகிறார்கள். ஒன்பதாம் திகதியே சாவகச்சேரியிலிருந்து மச்சாள் வந்து மூன்று கிழமை நிற்பார். அவருக்கும் அங்கே தனி வீடுதான். சனிக்கிழமை காலைகளில் அயலில் உள்ள ஐந்து சிறுவர்களுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன், அதை விடுமுறையிலும் நிறுத்தப்போவதில்லை. கிளினிக் திகதி அந்த மூன்று கிழமைக்குள் ஒரு செவ்வாய்க்கிழமை வருகிறது. மச்சாளும் கூட வருவதாகச் சொன்னார். "எனக்கும் கொஞ்ச நாளாக யோசனைதான்" என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, ஆறே முக்கால் பஸ்ஸில் தெல்லிப்பழைக்குப் போகிறோம்.